டாக்டரம்மா பதில்கள்: ஊசி, உப்பு, ஒரு நீள நோட்டு

(உடல்நலக் கேள்விகள் என்பதால் வாசகர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறோம். பதில் சொல்பவர் மதுரை செல்லூரில் 1991 முதல் குடும்ப மருத்துவராக இருக்கிறார்.)

மேலூர் வாசகி: மூன்று நாள் காய்ச்சலோடு என் மாமியாரை உங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். ஊசி இல்லை, குளுக்கோஸ் இல்லை. ஒன்பது மாத்திரை கொடுத்து, "காய்ச்சல் விட்டதும் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். காய்ச்சல் விட்ட பிறகு எதற்கு டாக்டர்?

உங்கள் கோபம் புரிகிறது. மேலூரில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துச் செல்லூர் வந்து, டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் ஒன்பது மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் எனக்கே எரிச்சல் வரும். உங்கள் மாமியாரும், "ஒரு ஊசியப் போட்டு விடுத்தா, சட்டுனு கேக்கும்" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

முதலில் குளுக்கோஸ். கம்பியில் தொங்குகிற அந்த அரை லிட்டர் பாட்டிலில் வழக்கமாக இருப்பது 5 சதவீதக் கரைசல். கணக்குப் போட்டால் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். மீதியெல்லாம் தண்ணீர். ஒரு பெரிய வாழைப்பழத்தில் கிடைக்கிற சக்திதான் அதிலும் இருக்கிறது. அப்படியானால் ஏற்றிக்கொண்டு எழுந்து வரும்போது தெம்பாக இருக்கிறதே, எப்படி? ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் படுத்து, மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெம்பு வராது! வாந்தி நிற்காமல் ஒரு வாய் கஞ்சிகூட உள்ளே தங்காதவருக்கும், பிரஷர் இறங்கிப்போனவருக்கும் நரம்பு வழியாக நீர் ஏற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் மாமியார் என் எதிரில் உட்கார்ந்தே முக்கால் பாட்டில் தண்ணீர் குடித்தார்.

அடுத்தது ஊசி. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஊசியில் இருப்பதும் மாத்திரையில் இருக்கிற அதே மருந்துதான். வலி ஊசி என்று போடும் டைக்ளோஃபெனாக்கை, டெங்கு இல்லை என்று உறுதியாகத் தெரியாத காய்ச்சலில் நான் தொடுவதில்லை. ரத்தக்கசிவுக்கு அது வழி திறந்துவிடும்.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் வரச் சொன்ன விஷயம். டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிரஷர் சரிவது அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், ஆளைச் சுருட்டிப் போடுகிற அசதி, இதில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் வரச் சொன்னேன். இவ்வளவையும் அன்று பெஞ்சு நிறையக் கூட்டம் இருந்ததால் சொல்லாமல் விட்டது என் தவறு. அவர் மறுபடி வரவில்லை. எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

திருமங்கலம் வாசகர்: கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 160, வீட்டு மெஷினில் பார்த்தால் 132. எதை நம்புவது? வீட்டு மெஷின் ஓட்டையா?

மெஷினைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் என் பழைய கதையைக் கேளுங்கள்.

1998 வரை என் கிளினிக் மாடியில் இருந்தது. கீழே தறி, மேலே நான். தறிச் சத்தத்தில் நாடித்துடிப்பைக் கேட்பதற்கே தனிக் காது வேண்டும். அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கி, வருகிறவர்களின் பிரஷரைத் தேதி போட்டு எழுதி வந்தேன். ஆராய்ச்சி என்றெல்லாம் நினைக்கவில்லை. அட்டையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒருவரைச் சும்மா உட்கார வைத்து அவருடைய பேத்தி கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் மறுபடி அளந்தேன். வந்தவுடன் 168, இப்போது 142. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் மூன்று முறை அளந்து மூன்றையும் எழுத ஆரம்பித்தேன். முதல் அளவுதான் பெரும்பாலும் உச்சத்தில் நின்றது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் கம்பவுண்டர் அண்ணன். "அம்மா, பதினெட்டுப் படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கலையே" என்றார். ஏழு வருடமாகப் படிக்கட்டுக்கு நான் மாத்திரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்! அதற்குப் பிறகுதான் கீழ்த்தளத்தில் இடம் பார்த்து மாறினேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். ஒன்றுக்கு இருந்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். கைக்கட்டுத் துணி புஜத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னக் கட்டு போட்டால் அளவு பொய்யாக ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை, காலையிலும் இரவிலும், ஒரு வாரம். அதை எழுதி, மெஷினையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். என்னுடையதோடு வைத்துப் பார்த்துவிடலாம்.

டாக்டரைப் பார்த்ததும் ஏறுகிற பிரஷர் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதற்காக 160ஐ ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. அப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் நிஜமாகவே பிரஷர் வருவதைப் பார்க்கிறோம்.

மருத்துவக் கல்லூரி மாணவி, மதுரை: குடும்ப மருத்துவம் எடுக்கப் போகிறேன் என்றால் வீட்டில் "இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்கிறார்கள். தெரு முனை கிளினிக்கில் உட்கார்ந்து ஆராய்ச்சி என்று ஏதாவது செய்ய முடியுமா?

உன் கல்லூரியில்தான் நானும் படித்தேன், அதனால் ஒருமையில் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நம் ஊர்க் கதை. 1842இல் மதுரை டிஸ்பென்சரியில் இருந்த கில் என்கிற மருத்துவர், கால் வீங்கி, முடிச்சு முடிச்சாகப் புடைத்து, ஓட்டை விழுந்து குருணை குருணையாகச் சீழ் வருகிற ஒரு நோயைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதினார். நான்கு வருடம் கழித்து, கோல்புரூக் என்பவர் ஊரில் வழங்கிய பெயரையே வைத்து அதை 'மதுரா ஃபுட்' என்று எழுதினார். அது பூஞ்சையால் வருவது என்று 1860இல் பம்பாயில் இருந்த கார்ட்டர் சொல்லி, மைசிடோமா என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவாலும் வரும் என்பது பிறகு தெரிந்தது. செருப்பில்லாமல் கருவேல முள்ளில் நடக்கிற சம்சாரிகளின் நோய் அது. உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல்தான். 174 வருடம்! உலகப் பாடப் புத்தகங்களில் மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் முன்னால் நம் ஊர்ப் பெயர் இப்படித்தான் ஏறியிருக்கிறது. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் தொடங்கியது டிஸ்பென்சரியில்தான். வருகிறவர் காலைக் குனிந்து பார்த்த ஒருவர், பார்த்ததை எழுதியும் வைத்தார்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் எய்ஸ்கார்த் என்கிற கிராமத்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு நாட்டுப்புற டாக்டர் இருந்தார். 1929இல் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. லண்டனில் இருக்கும் பெரிய பேராசிரியருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று அவருக்குத் தெரியும்: எந்த வீட்டுப் பெண் எந்தத் திருவிழாவுக்குப் போனாள், அங்கே யாரைப் பார்த்தாள், எந்தப் பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான். தொற்று ஒட்டிய நாளுக்கும் கண் மஞ்சளாகும் நாளுக்கும் நடுவே நான்கைந்து வாரம் ஆகிறது என்று அதை வைத்தே கணக்குப் பிடித்தார். 1939இல் அதையெல்லாம் புத்தகமாக எழுதினார். பிற்காலத்தில் அந்த நாட்டுப் பொது மருத்துவர் கல்லூரிக்கு முதல் தலைவரும் அவர்தான்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோரக் என்கிற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல பத்தாண்டுகள் டாக்டராக இருந்தார். நோய் என்று வந்தவருக்கு மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், ஊரில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்க்கக் கிளம்பினார். வராதவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். 1971இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. அண்ணா நகரில் நின்று எத்தனை ஆஸ்பத்திரி போர்டு தெரிகிறது என்று எண்ணு. அப்புறம் உசிலம்பட்டி தாண்டி ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கி எண்ணு. வேல்ஸுக்குப் போக வேண்டியதில்லை.

மூன்று பேரும் பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர்கள் இல்லை. ஒரே இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தார்கள், அல்லது பார்த்ததை எழுதி வைத்தார்கள். ஸ்பெஷலிஸ்ட்டிடம் வருகிறவர் நோயோடு வருகிறார். நம்மிடம் வருகிறவர் பேரனுக்குச் சளி என்று வருவார், போகும்போது, "அப்படியே இந்தக் காலயும் பாருங்கம்மா" என்பார். அந்தக் காலில்தான் விஷயம் இருக்கும்.

இப்போது என் சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். நீள நோட்டைப் புரட்டியபோது, பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் நிறையத் தெரிந்தார்கள். ஏன் விட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். "நார்மல்னு நீங்கதானம்மா சொன்னீங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றது ஒரு கூட்டம். இந்த வார்த்தைக்குப் பிறகு நான் 'நார்மல்' என்று சொல்வதையே விட்டுவிட்டேன். 'மாத்திரையால கட்டுப்பாட்டுல இருக்கு' என்பேன். "தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிரும்னு மதினி சொல்லுச்சு" என்றவர்கள் உண்டு. அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியதைச் சொல்லக் கூச்சப்பட்டு நிறுத்திய ஒரு பள்ளிக்கூட டீச்சர். மாலை போட்டால் மாத்திரை சாப்பிடக் கூடாது என்று நினைத்த ஐயப்ப பக்தர்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, கார்த்திகையில் என் நோட்டில் நிஜமாகவே ஆள் குறைவார்கள்.

இதை அழகாகக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பினேன். நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே, ஆட்களின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் கேட்டது சரி. என்னை நம்பி மதினி சொன்னதைச் சொன்னவரிடம், "இதை ஊருக்கு எழுதலாமா" என்று நான் கேட்கவே இல்லையே. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. எண்ணத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போ. 2017இல் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியைப் படி. புது மருந்து, புது முறை என்று சோதிக்கிறாயா, இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும். அடுத்த முறை நான் ஒழுங்காகச் செய்தேன். அந்தக் கட்டுரை வந்தது. நாலு பேர் படித்திருப்பார்கள், அதில் ஒருவர் என் தம்பி.

குடும்ப மருத்துவத்துக்கு டிஎன்பி என்கிற மேற்படிப்பு இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எம்டியே இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களை ஒரு நாள் சாயங்காலம் என் கிளினிக்குக்கு அனுப்பு. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சோழவந்தான் வாசகி: என் மருமகளுக்குச் சளியில் டிபி என்று வந்திருக்கிறது. வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். தோப்பூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சேர்த்துவிடலாமா, அல்லது அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? தட்டு, டம்ளர் எல்லாம் தனியாகத்தான் வைத்திருக்கிறோம்.

அம்மா, தட்டையும் டம்ளரையும் எடுத்துப் பழையபடி அடுக்கில் வையுங்கள். டிபி தட்டில் ஒட்டாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் முகத்துணி கட்டிக்கொள்ளட்டும், முதல் சில வாரங்கள் பேரன் வேறு அறையில் தூங்கட்டும். மருந்து ஒழுங்காகப் போனால் பரப்பும் தன்மை சீக்கிரமே சட்டென்று குறைந்துவிடும்.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஒரு காலத்தில் உலகமே கேட்டது. அதற்குப் பதில் சொன்னது நம் சென்னை. 1956இல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 193 டிபி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு, நர்ஸ். இன்னொரு பாதி அவரவர் வீட்டில். நெருக்கடியான வீடு, அரை வயிறு, சிலர் வேலைக்கும் போனார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள். அதைவிடப் பெரிய சேதி, அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த சொந்தங்களுக்கு அதனால் கூடுதலாக டிபி வரவில்லை. கூட இருக்கிற சொந்தங்களுக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. உலகம் முழுவதும் டிபி சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆகவே நல்ல நிலையில் இருக்கிற மருமகளை எங்கும் அனுப்ப வேண்டாம். எழுந்து நிற்க முடியாத அளவு பலவீனம், ரொம்பக் குறைந்த எடை, கால் வீக்கம், மூச்சிரைப்பு, ஆக்சிஜன் குறைவு என்று இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். 2022இலிருந்து தமிழ்நாட்டில் டிபி என்று தெரிந்தவுடனேயே இந்த ஐந்தையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பேரனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அவனுக்கு நோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுக்கும் மருந்து தருவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்பதால் இதைத் தள்ளிப் போடக் கூடாது. நீங்களும் உங்கள் மகனும்கூடப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மருமகளுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, கடலை, முடிந்தபோது கறி. அவளுக்கு மட்டுமில்லை, பேரனுக்கும் உங்களுக்கும்.

ஆறு மாதம். இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, முகம் தெளிந்துவிடும். அப்போதுதான் "போதும்" என்று தோன்றும். அந்த மாதம் நீங்கள் மாத்திரை எடுத்துக் கையில் கொடுங்கள். மாமியார் கொடுத்தால் மருமகள் மறுக்க மாட்டாள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

வாடிப்பட்டி வாசகர்: இத்தனை வருடம் எழுதுகிறீர்களே, எழுதியதற்காக வருத்தப்பட்டது உண்டா?

உண்டு. உப்பைப் பற்றி எழுதியது.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஒரு டீஸ்பூன். நம் வீட்டில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று அதைத் தாண்டுவது சுலபம். ஆகவே வெகு வேகமாக, "உப்பைக் குறையுங்கள், குறைத்தது போதாது, இன்னும் குறையுங்கள்" என்று ஒரு கட்டுரை எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, என்னிடமே வருகிற ஒரு பெரியவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எழுபது வயதுக்கு மேல். மகனைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்கிறார். பக்கவாதம் என்று பயந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். அவர் பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர், அந்த மாத்திரையே சோடியத்தை இறக்கும். அதோடு சாப்பாட்டில் உப்பை அறவே நிறுத்தியிருக்கிறார். வெறும் கஞ்சி. கோடை என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் வேறு. அந்த மாத்திரையை எழுதியது நான். கஞ்சிக்குக் காரணமான கட்டுரையை எழுதியதும் நான். அவர் மகள், "நீங்க எழுதுனத வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காரும்மா" என்றாள்.

பிழைத்துவிட்டார். பிறகும் என்னிடமே வந்தார், அதுதான் ரொம்பக் கூச்சமாக இருந்தது.

கிளினிக்கில் ஒருவருக்கு உப்பைக் குறை என்று சொன்னால், அவருக்கு என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். சரியாகப் புரிந்துகொண்டாரா என்று முகத்தில் தெரியும். அடுத்த வாரம் வருவார். பத்திரிகையில் எழுதும்போது இந்த மூன்றும் இல்லை. இப்போது எழுதினால் 'வயதானவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்' என்ற வரியை மேலேயே வைத்துவிடுகிறேன். ஆசிரியர் அதைக் கீழே தள்ளுவார், நான் மறுபடி மேலே ஏற்றுவேன். இதைப் படிக்கிற கிட்னிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். உங்களுக்கு அது ஆகாது.

பேரையூர் வாசகர்: 'இதைச் சாப்பிட்டால் மாரடைப்பு அபாயம் பாதியாகும்' என்று செய்தி வருகிறதே, நம்பலாமா?

பாதி என்றதும், எதில் பாதி என்று கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, சாப்பிடாத ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வருகிறது, சாப்பிட்ட ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வையுங்கள். பாதியாகிவிட்டது என்பது பொய்யில்லை. ஆனால் ஒருவருக்காக மற்ற 999 பேரும் வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆயிரத்துக்கு இருநூறு நூறாகக் குறைந்தாலும் பாதிதான். அப்படியென்றால் நானே க்யூவில் நிற்பேன். அடுத்து, எலியிலா, மனிதரிலா? எத்தனை நாள்? பணம் கொடுத்தது யார்?

பணத்தைப் பற்றிச் சொன்னதால் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு மருந்து கம்பெனி செலவில் கொடைக்கானல் போய் வந்திருக்கிறேன். அந்த மருந்தை அதற்குப் பிறகு அதிகம் எழுதினேனா என்று கேட்டால், அன்று இல்லை என்று சண்டை போட்டிருப்பேன். நோட்டைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. கம்பெனிகளிடம் பரிசும் பயணமும் டாக்டர்கள் வாங்கக் கூடாது என்ற விதி 2009இல் வந்தது. இப்போது ரெப் வந்தால் டீ மட்டும் உண்டு, அதுவும் என் காசில்.

செல்லூர் வாசகி: உங்கள் மருந்துச் சீட்டை மெடிக்கலில் மட்டும்தான் படிக்க முடிகிறது. எங்களுக்குப் புரியும்படி எழுதக் கூடாதா?

பக்கத்துத் தெருவிலிருந்து பத்திரிகைக்கு எழுதி என்னைக் கேட்கிறீர்கள், சரி. மருந்தின் பொதுப் பெயரை, படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே விதி வந்துவிட்டது. வேளையைத் தமிழில் எழுதுகிறேன். மருந்துப் பெயரில்தான் பழைய கிறுக்கல் வந்துவிடுகிறது. இனி புரியாவிட்டால் சீட்டை என்னிடமே திருப்பித் தாருங்கள், மறுபடி எழுதித் தருகிறேன்.

உசிலம்பட்டி வாசகருக்கு: உங்கள் கேள்வியை அச்சிடவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்து இடது தாடை வரை வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, கடந்த ஒரு வாரமாகச் சும்மா இருக்கும்போதும் வருகிறது, வாயுவா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இருக்கிற தேதிக்கும் அது என் மேசைக்கு வந்த தேதிக்கும் நடுவில் ஒன்பது நாள். உங்கள் நம்பருக்கு நான்கு முறை கூப்பிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் போனை வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. வாயு இல்லை ஐயா. படித்த உடனே 108க்குக் கூப்பிடுங்கள், பஸ் ஏற வேண்டாம். போன பிறகு எனக்கு ஒரு போன். நம்பர் உங்கள் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.